காலிப் பேருந்தில் ஊர்ப் பெயர்கள்

பியோ இன்யோங் அக்காவுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. யோங்ஜு பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், நகரப் பேருந்து நிறுவனத்தின் அலுவலகத்தில் கால அட்டவணை போடுகிறாள். பனி விழுந்தால் எந்த வண்டி எத்தனை நிமிடம் பிந்தும், சந்தை நாளில் எந்த நிறுத்தத்தில் மூட்டைகளோடு ஆட்கள் காத்திருப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். யாரும் தேடி வந்து எழுதும்படியான வாழ்க்கை இல்லை. நான் எழுத ஒரே காரணம்தான். அந்த வாழ்க்கையிலிருந்து எழுநூறு எழுத்துகளைத் திருடியவன் நான். திருடிவிட்டுப் பன்னிரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவனும் நான்தான்.

அப்போது நாங்கள் சியோலில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தோம். கடைசி வருடம். தத்துவம் படித்தவனுக்கு யார் வேலை தருவார்கள் என்று உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள், என் அப்பா உட்பட. அவருக்கு இஞ்சொனில் கைபேசிக் கடை. "படிச்சு முடிச்சுட்டு ஆளுக்கு உபதேசம் பண்ணப் போறியா, இல்ல கடையில சிம் கார்டு போடப் போறியா?" என்பார். 

எங்கள் துறையில் ஒரு வகுப்பு உண்டு. ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கன்ஃபூசிய அறிஞர்களின் கடிதங்களையும் குறிப்புகளையும் எழுத்துக்கூட்டிச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். ஆறே பேர்தான் இருந்தோம். அதில் ஐந்து பேர் மேசைக்கு அடியில் கைபேசியை வைத்துக்கொண்டு வேலை அறிவிப்பு பார்த்துக்கொண்டிருப்போம். மிச்சம் ஒருத்தி இன்யோங் அக்கா. பள்ளி முடித்து இரண்டு வருடம் ஊரில் ஆப்பிள் கிடங்கில் பழம் தரம் பிரித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவள், அதனால் எங்களைவிட இரண்டு வயது மூத்தவள். ஆம்பிளைச் சட்டை மாதிரி ஒரு சாம்பல் நிற மேலங்கியையே மூன்று குளிர்காலமும் போட்டாள். அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைக் காலையிலும் மறு பாதியை மத்தியானமும் சாப்பிடுவாள்.

அந்தக் கடிதங்களில் இரண்டு அறிஞர்களின் வாதம் ஒன்று வரும். இரக்கம், வெட்கம் இதெல்லாம் மனிதனுக்குள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று வருடக்கணக்காகக் கடிதம் போட்டே சண்டை பிடித்திருக்கிறார்கள். ஒருவர் ஊரே மதிக்கும் பெரியவர், மற்றவர் அவரைவிட ரொம்ப இளையவர். ஓர் இடத்தில் அந்தப் பெரியவர், இளையவர் சொன்னதைக் கேட்டுத் தன் கருத்தைத் திருத்திக்கொள்வார். அந்த இடம் வந்தால் அக்காவின் குரல் கம்மிப் போகும். அவளுடைய பட்ட ஆய்வே வெட்கம் பற்றித்தான். தனியாக இருக்கும்போதும் தன்னை ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று தாள் தாளாக எழுதுவாள்.

"வெட்கம் வெளிய இருந்து வர்றதில்லடா கித்தே. உள்ளயே இருக்கு. நாமதான் அதுமேல துணியப் போட்டு மூடுறோம்."

"அக்கா, வேலை உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு அந்தப் பெரியவங்க யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

முதுகில் ஒன்று வைப்பாள். அந்த வகுப்பில் வெட்கம் பற்றிய தேர்வுத்தாளில் எனக்குத்தான் முதல் மதிப்பெண். இதை ஏன் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

எங்கள் வேலை தேடும் குழுவில் மூன்று பேர்: அக்கா, நான், நாம்குங் ஹேவோன். ஹேவோன் என் வயதுக்காரி. பல்கலைக்கழக பிங்பாங் அணியில் ஆடியவள். தோற்றாலும் ஜெயித்தாலும் ஒரே மாதிரி சத்தம் போடுவாள். குழுவுக்கு ஒரு விதி: காலை ஆறு மணிக்கு எழுந்து, கழுவுதொட்டியில் தண்ணீர் ஓட, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டை வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வேலை இல்லாதவன் தூங்கினால் மனசு அழுகிவிடும் என்று அந்தக் காலத்தில் எல்லா மாணவர்களும் இப்படிக் குழு வைத்திருந்தார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, இருபது நாளுக்கான சீட்டுகளை எழுதி, இருபது படங்களையும் ஒரே மூச்சில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆறு மணிக்கு ஒரு கண்ணைத் திறந்து ஒன்றை அனுப்பிவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவேன்.

விண்ணப்பங்களில் எங்கள் கழுத்தை நெரிக்கும் பகுதி அறிமுகக் கட்டுரைதான். வளர்ந்த விதம் எழுநூறு எழுத்து. குணத்தின் நிறைகுறை எழுநூறு எழுத்து. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புதிதாகப் பிறந்து வளர வேண்டும். நாங்கள் அதை நாவல் என்றுதான் சொல்வோம். "நாவல் எத்தனை அத்தியாயம் முடிஞ்சது?" என்பதுதான் நூலகத்தில் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கிற விதம். அக்காவுக்கு நாவல் எழுத வராது. ஒத்திகை நேர்காணலில் ஹேவோன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்களுடைய குறை என்ன?" என்று கேட்டால், "பொறாமை" என்பாள்.

"அக்கா! வேலைய அதிகமா இழுத்துப் போட்டுக்குவேன்னு சொல்லணும்! அது குறை மாதிரியும் இருக்கும், நிறை மாதிரியும் இருக்கும்!"

"ஆனா எனக்கு இருக்கறது பொறாமைதானே?"

"எங்க நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

"வேற எவனும் என்னைக் கூப்பிடல."

ஹேவோன் மேசையில் தலையை வைத்துச் சிரிப்பாள். அக்காவும் சிரிப்பாள். ஆனால் அந்த இலையுதிர்காலம் முடிவதற்குள் முப்பத்து நான்கு இடத்திலிருந்து மறுப்பு வந்தது. அவளுடைய இடது கண்ணிமை துடிக்க ஆரம்பித்தது. தலை வாரினால் சீப்பில் கற்றையாக முடி வந்தது. வயிற்றெரிச்சல் மாத்திரையை மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டு திரிந்தாள். ஊரிலிருந்து அப்பாவின் அழைப்பு வந்தால் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அப்போதுதான் நான் மூக்கை நுழைத்தேன். அவளுடைய கட்டுரையை வாங்கிப் படித்தேன். 'என் தந்தை கிராமப் பேருந்து ஓட்டுநர். கோபக்காரர். ஆனால் நேரம் தவற மாட்டார். நானும் அப்படித்தான்' என்று இருந்தது.

"என்ன அக்கா இது? ஆஸ்பத்திரி சீட்டு மாதிரி இருக்கு. இதைப் படிச்சுட்டு எவன் கூப்பிடுவான்?"

"உண்மை இவ்வளவுதான்டா இருக்கு."

"கதை வேணும். மனசத் தொடணும். உங்க அப்பா இருபது வருஷமா பஸ் ஓட்டறாரு. ஒரு கதை கூடவா நடந்திருக்காது? நல்லா யோசிச்சுப் பாருங்க. இல்லேன்னா முப்பத்தஞ்சாவதும் போச்சு."

அவள் மூன்று நாள் குழுவுக்கு வரவில்லை, காலைப் படம் மட்டும் வந்தது. நான்காம் நாள் நூலகத்து மேசையில் ஒரு தாளைத் தள்ளிவிட்டு, நாங்கள் படிக்கும்போது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்பது வயதில் அவள் அப்பாவின் பேருந்தில் கடைசி இருக்கையில் படுத்துத் தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது வண்டியில் ஒருவரும் இல்லை. மகள் பின்னால் கிடப்பது அப்பாவுக்குத் தெரியாது. ஆனாலும் அவர் நிறுத்தத்தின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்: "மூன்று பைன் மரம். இறங்குறவங்க இருக்கீங்களா?" வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார். கொஞ்சம் பொறுத்தார். கதவை மூடிவிட்டுக் கிளம்பினார். அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. யாரும் பார்க்காதபோது ஒரு மனிதன் என்ன செய்கிறான் என்பதை அன்றைக்கு அந்த இருக்கையில் படுத்தபடியே கற்றுக்கொண்டேன் என்று முடித்திருந்தாள்.

ஹேவோன் மூக்கை உறிஞ்சினாள். நானும் உருகிப்போய் அதை இன்னொரு தடவை படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது அந்த உணர்ச்சிதான். பொறாமை அதற்கு அப்புறம் வந்தது. கைபேசிக் கடைக்காரனின் மகனுக்கு இப்படி ஓர் அப்பா ஏன் வாய்க்கவில்லை என்று தோன்றியது.

அந்த வாரம் ஒரு பெரிய உணவு நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. சோயா விழுதும் மிளகாய் விழுதும் செய்கிறவர்கள். விற்பனைப் பிரிவுக்கு ஆள் வேண்டும். ஹேவோன் விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். விற்பனை எனக்கு வராது, நான் நூலகமும் பதிப்பகமும் பார்க்கிறேன் என்றாள் அக்கா. நான் வங்கிகளுக்கு மட்டும்தான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் அந்த நிறுவனத்தின் படிவத்தைத் திறந்தேன். திருத்திக் கொடுக்கிறேன் என்று வாங்கி வந்திருந்த தாளைப் பார்த்து, 'வளர்ந்த விதம்' என்ற கட்டத்தில் அக்காவின் அப்பாவை வரிக்கு வரி தூக்கி வைத்தேன். மகள் என்று இருந்ததை மகன் ஆக்கினேன். ஒரே ஓர் இடத்துக்குத்தானே, அவள்தான் அங்கே போடவில்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். தேதி முடிய மூன்று நாள் இருக்கும்போதே அனுப்பிவிட்டேன்.

கடைசி நாள் அக்காவின் அப்பா போனில் பேசியிருக்கிறார். சோயா விழுதுக் கம்பெனி என்றால் அவருக்கும் தெரிந்த பெயர், சாப்பாட்டு மேசையில் தினமும் பார்க்கிற டப்பா. "அங்க போட்டியா இல்லயா?" என்று கேட்டிருக்கிறார். நேரம் முடிவதற்கு இருபது நிமிடம் முன்பு அவளும் அனுப்பிவிட்டாள். எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நூலகத்தின் குழு அறையில் நானும் ஹேவோனும் கடற்பாசியில் சுற்றிய முக்கோணச் சோற்றுக் கட்டியை, கிம்பாப்பை, பிரித்துக்கொண்டிருந்தோம். அக்கா உள்ளே வந்து, மேலங்கியைக் கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அந்தச் சோயா விழுதுக் கம்பெனிக்கு நானும் கடைசி நாள் போட்டேன். மெயில் வந்திருக்கு. என் கட்டுரை, ஏற்கனவே வந்த ஒரு கட்டுரையோட தொண்ணூத்தி மூணு சதவீதம் ஒத்துப் போகுதாம். நான் காப்பி அடிச்சேனாம். விளக்கம் இருந்தா நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பச் சொல்றாங்க."

கிம்பாப் என் வாயிலேயே நின்றது. 

"அந்தத் தாளை உங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாருக்கும் நான் காட்டல" என்றாள் அக்கா. சொல்லும்போது ஹேவோனைத்தான் பார்த்தாள். பார்க்காமல் எப்படி இருப்பாள்? அந்த நிறுவனத்துக்குப் போட்டதாகச் சொன்னவள் ஹேவோன் ஒருத்திதான். முந்தின நாள்தான் ஹேவோனுக்கு அங்கிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்து, எங்களுக்கு அவள் காபி வாங்கிக் கொடுத்திருந்தாள். எனக்கும் அதே அழைப்பு வந்திருந்தது. நான் அந்தக் காபியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

"என்னையா பாக்கறீங்க அக்கா?" ஹேவோனின் முகம் சிவந்துவிட்டது. "நான் பிங்பாங் பத்தி எழுதினேன். தோத்த மேட்ச் பத்தி."

"அதைக் காட்டேன். பாத்துட்டா என் மனசு தெளிஞ்சிடும்."

"மூணு வருஷமா கூட இருக்கேன். வாய்ல சொன்னா நம்ப மாட்டீங்களா? நம்பாதவங்களுக்கு நான் எதுக்குக் காட்டணும்?"

"ஹேவோன், கோவத்துல கேக்கல. யாருன்னு தெரிஞ்சா போதும். நான் யாரையும் மாட்டிவிடப் போறதில்ல."

"மாட்டிவிடுங்களேன்! எனக்கென்ன?" ஹேவோன் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். அங்கிருந்து என் பக்கம் திரும்பி, "கித்தே, நீயாவது சொல்லேன்!" என்றாள்.

நான் சொன்னது இதுதான்: "ரெண்டு பேரும் கொஞ்சம் நிதானமா இருங்க."

மறுநாள் நான்கு மணிக்கு எங்கள் துறைக் கட்டடத்தின் பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். கைபேசியில் 'அக்கா, நான்தான்' என்று அடித்தேன். அழித்தேன். இன்னொரு தடவை அடித்தேன். ஜிங்கோ மரத்திலிருந்து பழம் விழுந்து நாறிக்கொண்டிருந்தது. எனக்கு நேர்காணல் திங்கட்கிழமை. அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது, அப்பா கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஐந்து மணி அடித்தது. ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு எனக்குள் வந்தது நிம்மதி. பயமோ அழுகையோ வந்திருந்தால்கூட இன்றைக்கு என்னை நானே கொஞ்சம் மன்னித்திருப்பேன். வந்தது நிம்மதி. படிக்கட்டில் எழுந்து நின்று சோம்பல் முறித்தேன்.

அக்கா விளக்கம் அனுப்பவில்லை. பழைய வரைவுகள், தேதிகள், அப்பாவின் ஓட்டுநர் அடையாள அட்டை என்று எல்லாம் அவள் கையில் இருந்தன. ஹேவோனைக் காப்பாற்றத்தான் அனுப்பாமல் விட்டாள் என்று நான் நினைத்தேன். ஹேவோனும் அப்படித்தான் நினைத்தாள், அதனால் இன்னும் கொதித்தாள். "செய்யாத தப்புக்கு எனக்கு மன்னிப்பு கொடுக்கறாங்களாம்" என்று என்னிடம் வந்து அழுதாள். நான் காகிதக் கைக்குட்டையை நீட்டினேன்.

திங்கட்கிழமை நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் என் தாளைப் பார்த்துக்கொண்டே, "அருமையான அப்பா" என்றார். பிறகு, "மூன்று பைன் மரத்துக்கு அடுத்த நிறுத்தம் எது?" என்று கேட்டார்.

கட்டுரையில் அது இல்லை. அவர் என்னைச் சோதிக்கவும் இல்லை, அடுத்து என்ன நடந்தது என்று கதை கேட்கிற ஆசையில்தான் கேட்டார்.  "மறந்துவிட்டது" என்றேன். அம்மாளின் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியதைப் பார்த்தேன். எனக்கு வேலை கிடைக்கவில்லை. திருடியதும் வீண், அவள் இழந்ததும் வீண். ஹேவோன் தன் தோற்ற ஆட்டத்தின் கதையைச் சொல்லி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள்.

அக்கா ஆய்வைப் பாதியில் நிறுத்தினாள். பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பியும் போகவில்லை. ஆய்வுக்குப் பதிலாக ஒரு தேர்வு எழுதிப் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள். பெட்டியைத் தூக்கிவிடப் போனவன் நான்தான். "நீயாவது இருந்தியேடா" என்று என் தோளைத் தட்டினாள். அதற்கு அப்புறமும் ஒரு மாதம், குழுவில் அவளுடைய காலைப் படம் மட்டும் வந்துகொண்டிருந்தது. யோங்ஜு வீட்டுத் தொட்டியில் தண்ணீர், பக்கத்தில் தேதிச் சீட்டு. ஹேவோன் எப்போதோ வெளியேறியிருந்தாள். என் படங்கள் அதற்குமுன்பே தீர்ந்துபோயிருந்தன.

எனக்குக் கடைசியில், டோஃபு என்கிற சோயாப் பால்கட்டி செய்யும் ஒரு சின்ன ஆலையில் வேலை கிடைத்தது. சோயா மொச்சை கொள்முதல். ஹேவோனின் கல்யாணத்துக்குப் போனேன், மாட்டு விலா எலும்பு சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தேன். புகைப்படத்துக்கு நிற்கும்போது மணப்பெண் என் காதில், "அக்காவுக்கும் பத்திரிகை அனுப்பினேன். வரல பாத்தியா?" என்றாள். கல்யாணப் பெண்ணிடம் எதைச் சொல்வது என்று அதையும் தள்ளிப் போட்டேன். தள்ளிப் போடுவதில் எனக்கு ஈடு கிடையாது.

போன அக்டோபரில் எங்கள் வழக்கமான வியாபாரியிடம் மொச்சை கிடைக்கவில்லை. யோங்ஜுவில் நல்ல மொச்சை இருக்கிறது என்று மேலாளர் என்னை அனுப்பினார். காலையில் வேலை முடிந்துவிட்டது. திரும்பும் ரயிலுக்கு நான்கு மணி நேரம் இருந்தது. பேருந்து நிலையத்தில் நின்ற ஒரு வண்டியின் முகப்பில், அது போகும் ஊர்களின் வரிசையில், 'மூன்று பைன் மரம்' என்று எழுதியிருந்தது. ஏறிவிட்டேன். ஓட்டுநர் பெயர்ப்பலகையில் பியோ என்று அக்காவின் குடும்பப் பெயர் இருந்தது. நரைத்த தலை, தடித்த கழுத்து, கருப்புக் கண்ணாடி.

கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தேன். ஆப்பிள் தோட்டங்கள் வந்ததும் மற்றவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அப்போது ஒரு காரியம் செய்தேன். முப்பத்தேழு வயதில், கோட்டு டையோடு, அவர் கண்ணில் படாமல் இருக்கையில் சரிந்து படுத்துக்கொண்டேன். அவர் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் போல இருந்தது.

அவர் வாயைத் திறந்தார். முன்னால் போன டிராக்டர்காரனின் பரம்பரையையே திட்டினார். பிறகு வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். நிறுத்தத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னது கூரையில் இருந்த ஒலிபெருக்கி.

"மூன்று பைன் மரம். இறங்குறவங்க இருக்கீங்களா?"

இன்யோங் அக்காவின் குரல்.  வண்டி நின்றது. கதவு திறந்தது, கொஞ்சம் பொறுத்து மூடியது. வண்டி கிளம்பியது.

"அடுத்து பழைய பள்ளிக்கூடம்" என்றது குரல்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த அம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"யோவ்! யாருய்யா அது பின்னாடி படுத்துக்கிட்டு?" தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில் என் ஷூவைப் பார்த்துவிட்டார். "குடிச்சிருக்கியா? பட்டப்பகல்ல?"

எழுந்து முன்னால் போனேன். தெரியாதவன் மாதிரி கேட்டேன். "இது யார் குரலுங்க?"

"என் பொண்ணு. ஆபீசுல இருக்கா. கம்பெனி வாங்கின மிஷின் ஊர்ப் பேரையெல்லாம் கடிச்சுத் துப்புச்சு. இவளே உக்காந்து நூத்திப் பன்னெண்டு ஸ்டாப்பையும் பேசிக் குடுத்தா. ஆளே ஏறாத ஸ்டாப்புக்கும் வண்டிய நிறுத்தி கதவத் தொறக்கணும்னு பிடிவாதம். எனக்கு தினமும் நாலு நிமிஷம் லேட்டாகுது. நான் பெத்ததே எனக்கு அதிகாரி."

"இந்த மிஷின் வர்றதுக்கு முன்னாடி... ஆள் இல்லாதப்ப நீங்க பேர் சொல்லுவீங்களா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆள் இல்லாத வண்டியில எவன்யா கத்துவான்? நான் என்ன பைத்தியமா?"

சுற்று முடிந்து வண்டி திரும்பியதும், நிலையத்துக்குப் பின்புறம் இருந்த அலுவலகத்துக்குப் போனேன். அக்கா பெரிய அட்டவணைத் தாளின்மேல் அளவுகோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடி பாதி நரைத்துவிட்டது. இமை துடிக்கவில்லை. என்னைக் கண்டதும், "டேய் கித்தே!" என்று எழுந்து ஓடி வந்தாள். பார்லி டீ ஊற்றிக் கொடுத்தாள். அந்தக் குவளையைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். வாங்கியிருந்தால் குடித்திருப்பேன், குடித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அக்கா, அந்தக் கட்டுரையத் திருடினது ஹேவோன் இல்ல. நான்."

டீயை மேசையில் வைத்தாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அன்றைக்கு நூலகத்தில் திரும்பிக்கொண்ட மாதிரியே.

"ஒரு தடவகூட உன்னை நினைக்கலடா. நீ காலைப் படத்தையே ஏமாத்தி அனுப்புவே. உன் படத்துல தண்ணிமேல எப்பவும் மத்தியான வெயில் அடிக்கும். இவனுக்கு இவ்வளவுதான் துணிச்சல்னு நினைச்சுக்கிட்டேன்."

"அது பொய்க் கதைன்னு உங்க அப்பாகிட்ட இப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"ஆமா. பொய். நீதானே கதை கேட்டே? மூணு நாள் ரூம்ல உக்காந்து அப்பாவ நானே செஞ்சேன். வெட்கத்தப் பத்தி ஆராய்ச்சி பண்றவ செய்யற வேலையாடா அது?" அளவுகோலை எடுத்து வைத்தாள், மறுபடி எடுத்தாள். "அந்த வெள்ளிக்கிழமை விளக்கம் எழுத உக்காந்தேன். எதை விளக்கறது? இந்தப் பொய்ய முதல்ல சொன்னது நான்தான், அவ இல்லன்னா? அதான் அனுப்பல. ஹேவோனுக்காக இல்ல. எனக்காக."

"அப்போ இந்த நூத்திப் பன்னெண்டு ஸ்டாப்பும்..."

"அப்பா சொல்லாட்டி என்ன? யாராச்சும் சொல்லணும் இல்ல."

 என் கண்ணில் நீர் முட்டியது. நான் திருடியதே ஒரு பொய்யைத்தான் என்று மனசின் ஒரு மூலையில் ஏதோ இளகத் தொடங்கியிருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டாள்.

"சந்தோஷப்படாதடா. நானும் பொய் சொன்னேங்கறதால நீ பண்ணது திருட்டு இல்லன்னு ஆயிடாது. என்கிட்ட அழவும் வேணாம். எனக்கு நீ எதுவும் கடன்படல. ஹேவோன் ஒருத்திதான் அன்னிக்கு உண்மை சொன்னா. அவளைத்தான் நான் சந்தேகப்பட்டேன். அவ கல்யாணப் பத்திரிகை இந்த டிராயர்லதான் இருக்கு. எந்த முகத்த வெச்சுக்கிட்டுப் போறதுன்னு போகல."

"நீங்களும் வாங்க அக்கா. ரெண்டு பேரும் சேர்ந்து..."

"முதல்ல நீ. தனியா."

ரயில் நிலையத்துக்குப் போக அவள் அப்பாவின் வண்டியிலேயே ஏற்றிவிட்டாள். அது முதலில் மலைப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிலையத்துக்கு வரும். மூன்று மணி வெயில். தோட்டங்கள் வந்ததும் மறுபடியும் நான் ஒருவன்தான் மிச்சம். ஹேவோனை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்ன கித்தே, அதிசயமா இருக்கு? மொச்சை விலை ஏறிடுச்சா?"

சொன்னேன். மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டேன். பன்னிரண்டு வருடமாக மூன்று வாக்கியத்தைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை. மூச்சு கேட்டது. சத்தம் போடுகிறவள், தோற்றாலும் ஜெயித்தாலும் சத்தம் போடுகிறவள், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள்.

கூரையிலிருந்து குரல் வந்தது. "மூன்று பைன் மரம். இறங்குறவங்க இருக்கீங்களா?"

"யாரது?" என்றாள் ஹேவோன்.

நான் பதில் சொல்வதற்குள், "அக்காவா?" என்றாள். குரல் உடைந்தது. "அது அக்கா குரல்தானே?"

"ஆமா. பஸ்ல ஸ்டாப் பேர் சொல்றாங்க. ரெக்கார்டு பண்ணது."

"போனை வைக்காதே. ஸ்பீக்கர் பக்கத்துல பிடி."

எழுந்து நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கைபேசியைக் கூரைக்கு உயர்த்திப் பிடித்தேன். பழைய பள்ளிக்கூடம். ஆப்பிள் கிடங்கு. மேல் பாலம். அவள் அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ரயில் நிலையம் வரும்வரை பத்தொன்பது நிறுத்தங்கள். ஹேவோன் எல்லாவற்றையும் கேட்டாள். என்னிடம் அவள் வேறு எதுவும் கேட்கவில்லை, இன்றுவரை.